டைனமோ வைத்த இடம்

ஓபர்டால் என்ற புல்வெளி ஊரில் வென்டலின் லைக்கர் என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். மாதா கோயில் வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிட்டால் நான்கு தலைகள் திரும்பும். அதனால் ஊர் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தது. ஒர்க்‌ஷாப் வைத்திருந்த வென்டலினுக்குக் கிடைத்த பெயர் 'நாளைக்கு'. "நாளைக்கு வா" என்று சொல்லாமல் அவர் எந்த வண்டியையும் உள்ளே எடுத்ததில்லை. சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பிராக்கெட்டுக்குத் துளை போட வேண்டுமென்றால் அதை நாலு இடத்தில் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து இன்ஜினை முறைத்துக்கொண்டிருப்பார். வந்தவனுக்குப் பொறுமை போய்விடும். ஆனால் அவர் பொருத்திய எதுவும் திரும்பி வந்ததில்லை என்பதால் திட்டிக்கொண்டே மறுபடியும் அவரிடம்தான் வருவான்.

கல்யாணமும் அப்படித்தான் யோசனையிலேயே போய்விட்டது என்று ஊரில் கேலி உண்டு. அவருக்கு இருந்த குடும்பமெல்லாம் அக்கா ரொசீனா, அவள் புருஷன் லைனஸ், அவர்கள் மகன் ட்ராவிஸ். மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். சமையலறை மேஜையில் ஜன்னலோரம் லைனஸ், அவருக்குப் பக்கத்து நாற்காலி வென்டலினுடையது. மாட்டுக்கறியும் முட்டைக்கோசும் பொதிந்த ரொட்டியை இரண்டு பேரும் பேசாமல் தின்பார்கள். பேசுவதெல்லாம் ரொசீனாதான்.

அவளுடைய சிக்கனம் ஊரறிந்தது. பிளாஸ்டிக் பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். நெருப்புக்குச்சியை நடுவில் பிளக்க முடியுமானால் பிளந்திருப்பாள். மேய்ச்சல் நிலத்துக்குப் போனால் கேட்டுக்குக் கேட்டு வண்டியை நிறுத்தி, இறங்கித் திறந்து, உள்ளே ஓட்டி, மறுபடி இறங்கி மூட வேண்டும். அந்த நேரமெல்லாம் இன்ஜின் சும்மா ஓடினால் அவளுக்கு வயிறு எரியும். "பெட்ரோல் என்ன கிணத்துத் தண்ணியா?" என்று கேட்டுக் கேட்டே லைனஸைப் பழக்கிவிட்டாள். கல்தூண் நட்ட கேட்டு எதைக் கண்டாலும் அந்த மனிதனின் கை தானாகச் சாவியைத் திருப்பும். கோயில் வாசலில் பிணம் ஏற்றிய வண்டியை ஓட்டிவந்தபோதுகூட வளைவைப் பார்த்து நிறுத்திவிட்டார் என்று ஜெரோம் ஒரு கதை சொல்வான். அது பொய்தான். ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள்.

ஜெரோம் டிரைலிங் ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவன். படை என்றால் சம்பளப் படை இல்லை. உழுகிறவர்களும் மாடு வளர்க்கிறவர்களும்தான். எங்காவது புல் பற்றினால் போட்டது போட்டபடி ஓடிப்போய் அணைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மார்ச் மாதத்துக் காற்று அடிக்க ஆரம்பித்தால் ஒரு பொறி போதும், பக்கத்து மாவட்டம் வரை போகும். வண்டி வாங்க வசதி இல்லாததால், இராணுவம் கழித்துப்போட்ட பழைய லாரிகள் இரண்டைக் கொண்டுவந்து வென்டலின் வாசலில் நிறுத்தினான் ஜெரோம். இரண்டுமே ட்ராவிஸைவிட வயதில் மூத்தவை. இன்ஜின்கள் செத்துப் பல காலம்.

விபத்தில் நொறுங்கிய புது வண்டிகளிலிருந்து இன்ஜின் எடுத்து வைப்பதென்று முடிவானது. இன்ஜின் லாரிக்குள் பொருந்தி உட்கார்ந்துவிட்டது. அதன் முகத்தில் தொங்க வேண்டியவை உட்காரவில்லை. பெல்ட்டில் இரண்டு சாமான் ஓட வேண்டும். ஒன்று டைனமோ. இன்னொன்று தண்ணீர்ப் பம்ப், பின்னால் இருக்கும் தொட்டித் தண்ணீரை முன்பக்கக் குழாய்களுக்குத் தள்ளுவது அதுதான். புது வண்டியில் அவை இருந்த இடத்தில் பழைய லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் குறுக்கே நின்றது. யோசித்துப் பார்த்தால் இடம் இரண்டுதான் இருந்தது. வலது பக்கம் மேலே, புகைபோகும் குழாய்க்கு மேல். இடது பக்கம் கீழே, சேஸிஸை ஒட்டி.

வென்டலின் வாளியின் மேல் உட்கார்ந்தார். அறுப்பு முடிந்தது, விதைப்பு முடிந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

"டைனமோவைக் கீழ வெச்சுத் தொலையேன் வென்டல். கிறிஸ்துமஸ் வந்துடும் போல" என்றார் லைனஸ்.

"கீழ வெச்சா காட்டுல ஓடறப்போ புல்லு வந்து அடையும் மச்சான். காஞ்ச புல்லு. பக்கத்துலயே நெருப்பு. நீங்கதான் உள்ள உக்காந்திருப்பீங்க."

"சரிடா சாமி. மேல வை."

"மேல சூடு அதிகம். நடுவுல ஒரு தகடு குடுக்கணும். பம்ப்பு கீழதான் இருக்கணும், அப்பதான் தண்ணி தானா எறங்கி வரும்..."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? நான் சாவியைத் திருப்புவேன், அது ஓடணும். அவ்வளவுதான்."

கடைசியில் டைனமோ மேலே போனது, தகரத் தடுப்போடு. பம்ப் கீழே. முதல் லாரி அப்படிப் பிறந்தது. ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார் வென்டலின். இன்ஜின் ஓடினால்தான் தண்ணீர். நெருப்புப் பக்கத்தில் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே, குழாய்களைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால் தீ வண்டியைத் தொடாமல் விலகிப் போய்விடும். லைனஸும் தலையாட்டினார்.

மார்ச் மாதம் காற்று வந்தது. மின்கம்பி அறுந்து விழுந்து புல் பற்றியது. ஆள் போதாத நாள், லைனஸ் தனியாகவே லாரியை எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து நிலத்தில் கன்று ஈனும் பருவத்துப் பசுக்கள் அடைபட்டு நிற்கின்றன, கேட்டைத் திறந்துவிட்டு வருகிறேன் என்று ரேடியோவில் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை.

பசுக்கள் பிழைத்தன. கேட்டைத் தாண்டி, பச்சைக் கோதுமை வயலில் நின்று ஒன்றும் நடக்காததுபோல் மேய்ந்துகொண்டிருந்தன. லாரி கேட்டின் முன்னால் கருகி நின்றது. லைனஸ் அதன் சக்கரத்தோரம் சுருண்டு கிடந்தார். முன்பக்கக் குழாய்கள் எல்லாம் திறந்திருந்தன. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

இழுத்துவரும் வண்டி ஊரிலேயே வென்டலினிடம்தான் இருந்தது. அவரேதான் போய் இழுத்து வந்தார். மாநிலத் தலைநகரிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் படமெடுத்துவிட்டு, எரிந்த வண்டியில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊர் அப்படி விடுமா? இன்ஜின் தானாக நின்றிருக்கிறது, இல்லாவிட்டால் தண்ணீர் ஏன் வரவில்லை என்று பெட்ரோல் பங்கில் பேச்சு. யார் கட்டிய வண்டி என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

வென்டலின் ஒர்க்‌ஷாப் கதவைச் சாத்திக்கொண்டு பானெட்டைத் திறந்தார். டைனமோ தன் இடத்தில் இருந்தது. தகரத் தடுப்பு நெளிந்திருந்தது, ஆனால் விலகவில்லை. கம்பியின் உறை எரிந்துபோயிருந்தாலும் செம்பு முழுசாக இருந்தது. எங்காவது இரும்பில் தொட்டுப் பொறி பறந்திருந்தால் செம்பு உருகிக் குமிழ் கட்டியிருக்கும். விரலால் நுனியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். குமிழ் இல்லை. தன் மேல் தப்பில்லை என்று அந்த நிமிஷம் ஒரு நிம்மதி வந்தது. அதற்காகப் பிறகு வெட்கப்பட்டார்.

அப்புறம் கேபினுக்குள் தலையை நீட்டி, படிந்திருந்த சாம்பலையும் கரியையும் துடைத்தார். சாவித் துவாரம் அரைகுறையாக உருகிச் சாவியைக் கவ்விப் பிடித்திருந்தது. சாவி நின்றிருந்தது, இன்ஜினை அணைத்த நிலையில்.

அவர் சீட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் கண்ணால் பார்த்ததுபோல் தெரிந்தது. மச்சான் வேகமாக வருகிறார், குழாய்களைத் திறக்கிறார், கல்தூண், கேட்டு, கை தானாகத் திரும்புகிறது, குதிக்கிறார். கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது தண்ணீர் இல்லை, சுற்றிலும் தீ. அந்தக் கையைப் பழக்கியது யார் என்பது ஊருக்கே தெரியும். அக்காவுக்குத் தெரியாதா?

சாவித் துவாரத்தை அறுத்தெடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, சாமான் பெட்டியின் அடியில் போட்டார். முதல் தடவையாக ஒரு காரியத்தை யோசிக்காமல் செய்தார்.

அடக்கத்துக்கு முந்தின நாள் மாலை கோயில் மண்டபத்தில் ஜெபமாலை. முடிந்தபின்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. மூடிய பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ரொசீனா திரும்பினாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"வென்டல். வண்டி ஏன்டா நின்னுச்சு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டைனமோவை நான் வெச்ச எடம் தப்புக்கா" என்றார். "மேல வெச்சிருக்கக் கூடாது. சூட்டுல ஒயர் உருகிடுச்சு. கரண்ட்டு போனதும் இன்ஜின் நின்னுடுச்சு."

"அப்போ அவரு ஒண்ணும் தப்புப் பண்ணல."

"மச்சான் ஒரு தப்பும் பண்ணல."

ரொசீனா பெட்டியின் மேல் கையை வைத்தாள். "யோசிச்சியே. சாப்பிட வந்த எடத்துலயும் யோசிச்சியே. என் மேஜையில உக்காந்து, என் கையால தின்னுக்கிட்டு, இவரைக் கொல்றதுக்காடா எடம் பார்த்த?"

ட்ராவிஸ் அம்மாவின் தோளைப் பிடித்தான். அவள் உதறினாள். "இனிமே என் வாசப்படி மிதிக்காத."

பெட்டி தூக்கும் ஆறு பேரில் வென்டலின் பெயரும் இருந்தது. மறுநாள் அந்த இடத்தில் வேறொருவன் நின்றான். அவர் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

அதன்பிறகு மதியச் சாப்பாடு பெட்ரோல் பங்கில் விற்கும் ஆறிப்போன சாசேஜ். வேலையும் குறைந்தது. எப்போதும் திட்டிக்கொண்டே வந்தவர்கள் இப்போது சிரித்துக்கொண்டே பக்கத்து ஊருக்குப் போனார்கள். 'நாளைக்கு' என்று யாரும் கூப்பிடுவதில்லை. அந்தக் கேலி இல்லாமல் போனது அவரைப் பட்டினியைவிட அதிகமாக வாட்டியது. தான் செய்யாத குற்றத்தைச் சுமப்பது பெரிய தியாகம் என்றெல்லாம் அவர் நினைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா முன் வரிசையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அவர் கடைசி வரிசையிலிருந்து அவள் கழுத்தைப் பார்ப்பார். குனியாமல் இருக்கிறாளே, அது போதும் என்று நினைத்துக்கொள்வார்.

கோடையில் ஜெரோம் வந்தான். இரண்டாவது லாரி அரைகுறையாக மூலையில் நின்றது.

"இதை முடிச்சுக் குடு வென்டல். வேற ஆளு இல்ல. ஆனா ஒண்ணு. டைனமோவைக் கீழ வை. பம்ப்பைத் தூக்கி மேல வை."

வென்டலின் துணியில் கையைத் துடைத்தார். "கீழ வெச்சா புல்லு அடையும் ஜெரோம். பம்ப்பு மேல போனா, தொட்டி பாதியாகறப்பவே காத்து இழுக்கும், தண்ணி நின்னுடும்."

"சூடு மேலதானே ஏறும்? நீயே ஊரு முன்னாடி சொன்ன."

"சொன்னேன்."

"அப்போ என்ன?"

சொன்ன பொய் வளர்ந்து, தன் கையில் ஸ்பேனரைக் கொடுத்துத் தப்பான இடத்தைக் காட்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"யாரு ஓட்டப்போறா?" என்று கேட்டார்.

ஜெரோம் வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னான். "ட்ராவிஸ். அப்பா எடத்துக்கு நான் வரேன்னு பேரு குடுத்துட்டான். அதனாலதான் சொல்றேன், இந்தத் தடவையாவது ஒழுங்கா வை."

வென்டலின் வாளியின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்து பயனில்லை, யோசிக்க இரண்டு இடமில்லை. டைனமோவைக் கீழே வைத்தார். பம்ப்பை மேலே ஏற்றினார். கீழே புல்லைத் தடுக்க ஒரு வலை கட்டினார். வலை இருந்தால் அதிலும் புல் மாட்டும் என்று தெரிந்தேதான் கட்டினார். பிள்ளையைப் புதைகுழியில் இறக்கிவிட்டு மேலே போர்வை போர்த்துவது போலிருந்தது.

ஓட்டிப் பார்க்க ட்ராவிஸ் வந்தான். அடக்கத்துக்குப் பிறகு அவன் மாமாவோடு பேசியது அதுதான் முதல்.

"ஏறுங்க மாமா. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"உங்கம்மாகிட்ட நான் எங்கடா பேசறேன்?"

அறுவடை முடிந்த வயலில் லாரி துள்ளிக்கொண்டு போனது. சிறிது தூரம் போவதற்குள் கருகல் வாசனை வந்தது. காய்ந்த கோதுமைத் தாள் பெல்ட்டோரம் அடைகிறது. வென்டலினுக்குத் தெரிந்த வாசனை. ட்ராவிஸ் ஒன்றும் கவனிக்கவில்லை, வண்டி ஓடுகிற சந்தோஷத்தில் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான். எதிரே கல்தூண்கள் தெரிந்தன. மேய்ச்சல் நிலத்துக் கேட்டு. ட்ராவிஸ் பிரேக்கை மிதித்தான், சாவியைத் திருப்பி நிறுத்தினான், குதித்து இறங்கினான்.

எல்லாம் ஒரே அசைவு. அப்படியே லைனஸ்.

அமைதியில் காற்று மட்டும் கேட்டது. முன்பக்கக் குழாய் ஒன்றிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டி நின்றது. ட்ராவிஸ் சங்கிலியைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது மாமாவின் முகம் அவனைப் பயமுறுத்தியது.

"என்ன மாமா? நெஞ்சு வலிக்குதா?"

"ஏன்டா நிறுத்தின?"

"கேட்டு மாமா."

"கேட்டுன்னா?"

"கேட்டுன்னா நிறுத்தணும்ல? ஓட விட்டா அம்மா தோலை உரிச்சுடுவா." சிரித்தான். மாமா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

டைனமோ மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன? அக்காவின் கழுத்தை நிமிர்த்தி வைக்க அவர் மறைத்துவைத்த சாவி, இதோ இவன் கையில் இருக்கிறது. அடுத்த மார்ச்சிலும் காற்று அடிக்கும்.

"நகரு. நான் ஓட்டறேன்" என்றார் வென்டலின்.

நேராக ரொசீனாவின் வீட்டுக்கு விட்டார். சமையலறை வாசலை ஒட்டி நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்கினார். வாசப்படியை மிதித்து உள்ளே போனார். ட்ராவிஸ் பின்னாலேயே வந்தான். நாற்காலி முதுகுகளில் துணி விரித்து நூடுல்ஸ் மாவுத் தகடுகளைக் காயப்போட்டிருந்தாள். லைனஸின் நாற்காலியிலும், வென்டலினுடைய நாற்காலியிலும்.

ரொசீனா மாவுக் கையோடு திரும்பினாள். யார் வந்திருப்பது என்று பார்ப்பதற்கு முன்னாலேயே காது வெளியே போய்விட்டது.

"எவன்டா அது வண்டியை ஓட விட்டுட்டு வரது? பெட்ரோல் என்ன கிணத்துத்..."

பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. தம்பியைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், வெளியே உறுமிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"இவன் இப்போ கேட்டுல நிறுத்தினான்க்கா" என்றார் வென்டலின். "சாவியைத் திருப்பி நிறுத்தினான். நான் பக்கத்துல இருக்கேன்."

ரொசீனா மடியில் உதிர்ந்த மாவைத் தட்டினாள்.

"டைனமோ இல்லக்கா. டைனமோ நல்லாதான் இருந்துச்சு."

"தெரியும்."

"சாவி என்கிட்ட..."

"தெரியும்கறேன்ல!" மேஜையை அறைந்தாள். மாவு பறந்தது. "கேட்டுகிட்ட கெடந்தாருன்னு சொன்னாங்க பாரு, அப்பவே தெரியும். ஊரு முன்னாடி உன்னை ஏன் கேட்டேன்? நீ சாவின்னு சொல்லிடுவ, அதோட நானும் செத்துப்போயிடலாம்னு கேட்டேன். நீ டைனமோன்ன. சட்டுனு பிடிச்சுக்கிட்டேன்."

"அக்கா..."

"உன்னை வெறுத்தா தூங்க முடிஞ்சுது வென்டல். என்னை வெறுத்துக்கிட்டு எப்படித் தூங்கறது?"

ட்ராவிஸுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "அம்மா, என்ன சொல்றீங்க? அப்பா..."

"இங்க வா." மகனின் வலது கையைப் பிடித்து இழுத்து மேஜையின் மேல் வைத்தாள். "உங்கப்பாவே வண்டியை நிறுத்தினாரு. கேட்டைப் பார்த்ததும் நிறுத்தினாரு. நான் பழக்கின கை. உன் கையும் நான் பழக்கினதுதான். இனிமே எந்தக் கேட்டுலயும் நிறுத்தக் கூடாது. கேக்குதா? நான் செத்துக் கெடந்தாலும் வண்டி ஓடட்டும். நாளைக்கு ஜெரோமுகிட்ட நானே போயிச் சொல்றேன், எல்லார் முன்னாடியும்."

ட்ராவிஸ் கையை உருவிக்கொண்டான். அம்மாவை அவன் பார்த்த பார்வையை வென்டலினால் தாங்க முடியவில்லை. அவன் வெளியே போய்விட்டான். இந்தப் பார்வையிலிருந்துதானே அவளைக் காப்பாற்ற நினைத்தோம் என்று தோன்றியது.

ரொசீனா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "எந்த எடம் சரி?"

"மேலதான். முதல்ல வெச்சதுதான்."

"அப்போ மேலயே வை." நாற்காலி மேலிருந்த மாவுத் தகடு ஒன்றைத் திருப்பிப் போட்டு, "உன் நாற்காலியை இன்னிக்குக் காலி பண்ண முடியாது வென்டல். உன்னைப் பக்கத்துல உக்கார வெச்சு என்னால சாப்பிட முடியாது. போ" என்றாள்.

வென்டலின் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். ட்ராவிஸ் வேலியருகே முதுகு காட்டி நின்றிருந்தான். லாரியில் ஏற வேண்டியவர், ஏறவில்லை. அவனோடு நிற்கப் போனார்.

வாசலில் லாரி ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் போய் நிறுத்தவில்லை. ரொசீனா ஜன்னலுக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.